அரை நொடி

கோடை மழைக்கு முந்தின காற்று
செக்கானூரணி மின்மாற்றியின் மேல் புளியங்கிளையை வீசியபோது
மணி நாலு நாற்பது.
யூபிஎஸ் ஒருதரம் கீச்சிட்டது, அவ்வளவுதான்.
கூட்டுறவுச் சங்கத்தின் நகைக்கடன் மொத்தமும்
கறுப்புத் திரைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

செயலாளர் தவமணி சாமி படத்தைப் பார்த்தார்.
நான் டார்ச் அடித்து பேட்டரியின் தேதியைப் பார்த்தேன்.
இருவருக்கும் நல்ல பதில் இல்லை.

ஆறேகாலுக்குக் கரண்ட் வந்தது.
எழுந்த எந்திரம் கணக்கைத் தொடவில்லை,
முதலில் தன் குறிப்பேட்டைத் திறந்தது.
எதையும் செய்யுமுன்
செய்யப்போவதை எழுதிவைக்கிற பழக்கம் அதற்கு.
எல்லாம் சரியென்று கடைசியாகக் குறியிட்ட இடம்
நாலு முப்பது.
அங்கிருந்து வரிவரியாக மறுபடி நடந்து வந்தது.
கருமாத்தூர் சோலையப்பன் கட்டிய வட்டியை மறுபடி கட்டினார்.
பன்னியான் ஜெபக்கனி மீட்ட கம்மலை மறுபடி மீட்டாள்.
பிறகு திரும்பிப் பின்னோக்கி நடந்தது.
ஒச்சம்மாளின் சேமிப்பில் கழிந்து
கடனில் போய்ச் சேராமல்
நடுவழியில் நின்ற பன்னிரண்டாயிரத்தைக்
கைபிடித்து வீட்டிலேயே கொண்டுபோய் விட்டது.
பாதிக் காரியம் அதன் ஊரில் காரியமே இல்லை.

நான் டீ சொல்லியனுப்பினேன்.
பெட்டியில் மட்டும் ஏழாயிரத்து முந்நூற்றைம்பது கூடுதல்.
தவமணி மூன்றுதரம் எண்ணினார்,
ஒவ்வொரு தரமும் என்னைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் பத்து மணிக்கு
விக்கிரமங்கலம் பேச்சியக்காள் சீட்டோடு வந்தாள்.
நாலு முப்பத்தொன்பது. ஏழாயிரத்து முந்நூற்றைம்பது.
கணக்கில் இல்லை.
குறிப்பேட்டில்கூட ஒரு புள்ளி இல்லை.

எழுதிட்டேன் என்று சொல்லிவிட்டு
எழுதாமல் மடியில் வைத்திருந்திருக்கிறது வட்டு,
வேகமாகத் தெரியவேண்டும் என்று.
அதை நம்பித்தான் எந்திரம் ரசீது அடித்தது.
வட்டை வைய எனக்கு வாய் வரவில்லை.
"அனுப்பிட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு
புது பேட்டரிக்கான கடிதத்தை
மார்ச்சிலிருந்து மேசை அறைக்குள் வைத்திருந்தவன் நான்.

பேச்சியக்காள் சத்தம் போடவில்லை.
"அதான் சீட்டு இருக்குல்ல, பாத்து எழுது."
நாலாக மடித்து, வெற்றிலைக் காம்பு ஒட்டி,
வேர்வையில் ஓரம் கலங்கி,
ஆனால் எண் ஒன்றும் அழியாமல்.
அந்த ஒரு ராத்திரி
சங்கத்தின் குறிப்பேடு
அவள் சுருக்குப்பையில் தூங்கியிருக்கிறது.

சாயங்காலமே வட்டின் அந்த மடியை அடைத்துவிட்டேன்.
இப்போது ரசீதுக்கு ரசீது அரை நொடி தாமதம்.
கூட்டமான நாளில் வரிசை முணுமுணுக்கிறது,
மிசினு கிழடாயிருச்சு என்று.
இருக்கட்டும்.

பேட்டரி இன்னும் வரவில்லை.
கடிதம் போய்விட்டது.
பதிவுத் தபால் சீட்டு
என் சட்டைப்பையில்.