இரண்டு எடை

தவமலர்,
மோட்டாரை அந்தக் கடைவரிசைக்கு முன்னால் நிறுத்தாதே.
பஹாவில் நம் முகத்தைவிட
நம் நம்பர் பிளேட்டைத்தான் எல்லாருக்கும் தெரியும்.
தபால் நிலையத்துக்குப் பின்னால் நிழல் உண்டு,
அங்கே விட்டுவிட்டு நட.
சைக்கிள் கடைக்கு மேல்மாடி. பதினேழு படி.
முதல் நாள் நான் ஒன்பதாவதில் நின்று
செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து
அப்படியே திரும்பிவிடப் பார்த்தேன்.

உள்ளே கட்டில் இருக்குமென்று நினைத்திருந்தேன்.
இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி,
டிஸ்யூ டப்பா.
டப்பாவை உன் பக்கம் தள்ளமாட்டார்,
நீதான் எட்டி எடுக்கவேண்டும்.

அவர் பெயர் புவான் நோர்ஹஸ்லினா.
அவரிடமே கேள்வி கேட்கலாம்:
எங்கே படித்தீர்கள், எத்தனை தடவை வரவேண்டும்,
நான் சொல்வதை யாரிடம் சொல்வீர்கள்?
கேட்டேன். கோபிக்கவில்லை.
வீட்டுக்காரரிடம் சொல்லமாட்டாராம், மேனேஜரிடமும்.
உயிரை விடப்போகிறாய் என்று தெரிந்தால் மட்டும்
வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது என்றார்.
அது நியாயமென்று இப்போது படுகிறது.
அன்றைக்குப் படவில்லை.

எண்பது வெள்ளி. கையில் இல்லையென்றால்
வாயைத் திறந்து சொல், குறைப்பார்.
அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கம்மி,
முறை வர மாசக்கணக்காகும்.

ஒத்துவராவிட்டால் வேறு ஆளைத் தேடலாம், தப்பில்லை.
சிரம்பானில் தமிழ் பேசும் ஒருவர் இருக்கிறாராம்,
பஸ்ஸில் போய்வர ஒரு பகல் போய்விடும்.
நானும் அதைத்தான் யோசித்தேன்.
‘மனசு கேக்கல’ என்பதை
மலாயில் எப்படியடி சொல்வது?
மூன்று வாரம் முட்டி மோதினேன்.
நாலாம் வாரம் அவரே சொன்னார்:
உன் மொழியிலேயே பேசு,
இன்றைக்கு எனக்குப் புரியவேண்டாம்.

பேசினேன்.
தம்பி இளஞ்சேரனை இடித்த எண்ணெய் லாரி
நான் எடை போட்டு அனுப்பிய லாரி.
நாற்பத்திரண்டு டன், முந்நூறு கிலோ.
இரவு ஒன்பது பத்து.
சீட்டில் என் கையெழுத்து.
ஆறு வருடமாய் உன்னிடம்கூடச் சொல்லாததை
ஒரு சொல்லும் விளங்காமல் ஒருவர்
கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றே பாரம் இறங்கியது என்று சொல்ல
எனக்கும் ஆசைதான்.
அந்த வாரம் சோறு இறங்கவில்லை.
சின்னவனைக் காரணமில்லாமல் அடித்துவிட்டேன்.
மாமியார் முனியாண்டி கோயிலில் கயிறு கட்டிவிட்டார்.
கயிறும் கையில் இருக்கிறது,
படியும் ஏறிக்கொண்டிருக்கிறேன்,
இரண்டுக்கும் சண்டையில்லை.
ஆகவே, சம்பள நாளன்று நேரம் வாங்காதே.
வெளியே வந்ததும் நேரே வீட்டுக்கு ஓடாதே.
கீழே கோப்பிக் கடையில் ஒரு தே ஓ குடி,
ஆறவைத்துக் குடி.

நமக்குத் தெரியாததா,
ஒரு தடவை நிறுத்தால்
லாரி என்ன ஏற்றியிருக்கிறதென்று சொல்லமுடியாது.
வரும்போது ஒரு எடை, போகும்போது ஒரு எடை.
நடுவில் உள்ளே என்ன இறக்குகிறார்கள், எதைச் சிந்துகிறார்கள்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாம்
பார்த்ததேயில்லை.
நான் இன்னும் உள்ளேதான் நிற்கிறேன்.
இரண்டாவது எடை எப்போதென்று
புவானுக்கும் தெரியவில்லை.
தெரிந்ததுபோல் நடிக்கவும் இல்லை.
அதனால்தான் போகிறேன்.

வியாழன் மூன்று மணிக்கு
உன் தராசை நான் பார்த்துக்கொள்கிறேன்.
பதிவேட்டில் ‘பல்வலி’ என்று எழுதிவைக்கிறேன்.
எனக்கும் நீ அதைத்தானே எழுதினாய்,
ஒன்றும் கேட்காமல், பதினோரு வாரம்.
ஒரு வாயில்
அத்தனை பல் ஏதடி?