கழிவு போக

தண்ணிக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று,
முத்தல் இலைக்குக் கண்மதிப்பில் இன்னொன்று.
மலையிலிருந்து நான் சுமந்து வரும் இருபத்திரண்டு
கணக்கப்பிள்ளையின் கொப்பியில் பதினெட்டாக இறங்கும்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
தராசு என் கையில்.

ஹட்டனில் இரண்டாம் பாகம் ஓடுகிறது.
டிக்கட்டுக்கு அரைப்பேர்க் காசு போய்விட்டது,
மிச்சத்தில் ஒரு கடலைச் சுருளும் நோர்வூட் பஸ்ஸும்.
பக்கத்து சீட்டில் ஜெசிந்தா,
மடியில் சொட்டும் குடையோடு.

ரயில் சண்டையை முதலில் சொல்லிவிடுகிறேன்.
பாட்டு இல்லை, முழக்கம் இல்லை.
பெட்டி சுரங்கத்துக்குள் நுழைந்ததும்
திரை முழுக்க இருட்டு.
இரண்டு பேரின் மூச்சு.
பிறகு ஒரு சட்டைப் பொத்தான்
தரையில் உருண்டு போகிற சத்தம்.
வெளிச்சம் வந்தபோது ஒருவன் குறைந்திருந்தான்.
சிங்கமலைச் சுரங்கத்தில் ஒவ்வொரு தடவையும்
கைப்பையை நெஞ்சோடு இறுக்குகிறவள் நான்.
அந்த இருட்டில் ஒரு கிராம் கழிக்க மாட்டேன்.

அந்த வில்லியையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.
சுடுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி
சேலைத் தலைப்பில் துடைத்தாளே,
அவசரமே இல்லாமல்!
ஐந்நூறு பேர் கொண்ட தியேட்டரில்
கடலை மெல்லும் சத்தம்கூட நின்றுபோனது.

இனித் தண்ணி.
முதல் பாகத்தில் ஒற்றனுக்குத் தோள் இறங்கியது;
படம் முடியுமட்டும் ஒற்றைக் கையால் சட்டை மாட்டினான்.
அதற்காகத்தான் அவனை நம்பினேன்.
இதில் மூன்று மாடி விழுந்து எழும்பி
தலைமுடியைச் சரிசெய்கிறான்.
கூடைக் கயிறு இழுத்த கழுத்து எனக்கு,
மழை நாளில் சீப்புப் பிடிக்கவும் கை தூக்க முடியாது.
நூறு கோடியாம் செலவு.
ஒரு வலி வாங்கக் காசு மிஞ்சவில்லை போல.

பிறகு வந்தது மலை.
கீழே மஞ்சள் எழுத்தில் வேறெதோ நாட்டின் பெயர்.
ஜெசிந்தா முழங்கையால் இடித்தாள்:
"அடியே, அது நம்ம ஏழாம் நம்பர்!"
ஹெலிகொப்டர் துரத்த
தேயிலைக்குள் நேர்கோட்டில் ஓடுகிறான்.
கவாத்து வெட்டிய வாது அவன் முழங்காலைக் கிழிக்கவில்லை,
சப்பாத்தில் ஓர் அட்டைகூட இல்லை.
பின்னால் கூடைகளோடு சிதறும் பெண்கள்,
நான்கு விநாடி.
அதற்கு மூன்று நாள் ஓடினோம்.
பேரும் போட்டார்கள், சோற்றுப் பார்சலும் தந்தார்கள்.
என் முதுகு வந்தது.
முகம் திரும்புவதற்குள் வெடித்துவிட்டது.

ஒரு காட்சியை மட்டும் என்னால் நிறுக்க முடியவில்லை.
லாச்சியைத் திறக்கிறான், ஆறு பாஸ்போர்ட்,
ஆறு நாடு, ஆறு பெயர்.
எதை எடுப்பதென்று சலித்துக்கொள்கிறான்.
பால்கனி விசிலடித்தது.
எங்கள் வரிசை அடிக்கவில்லை.
இந்த நாட்டில் பிறந்ததற்கு
ஒரு துண்டுக் கடுதாசி கேட்டு
கந்தோர் கந்தோராய் அலைந்து செத்தவர்களின்
பேரப்பிள்ளைகள் நாங்கள்.
நிறைவா குறையா, தெரியவில்லை.
தராசிலிருந்து இறக்கி ஓரமாய் வைத்திருக்கிறேன்.

கடைசியில் செத்தவனுக்குக் கண் திறக்கிறது.
மூன்றாம் பாகமாம்.
செத்தவனைச் சாகவும் விடாத படத்துக்கு
சாக்குக் கழிவு ஒரு கிலோ.
பஸ்ஸில் ஜெசிந்தா தூங்கினாள்.
நான் பொத்தான் உருண்ட சத்தத்தைக்
கேட்டுக்கொண்டே வந்தேன்,
நோர்வூட் தாண்டியும்.

திங்கள். மலையில் பனித்தூறல்.
என் சாக்கைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே
கணக்கப்பிள்ளை கேட்டார்:
"படம் எப்படி, நல்லமா?"
"ரயில் நல்லம்," என்றேன்.
முள் இருபத்தொன்றைத் தொட்டு நடுங்கியது.
அவர் பதினேழு எழுதக் குனிந்தார்.

நான் கண்ணாடியைக் கழற்றி
தலைப்பில் துடைக்கத் தொடங்கினேன்,
அவசரமே இல்லாமல்.

பேனை நின்றது.