டகோட்டா நிலையத்தில் ஒரு கான்ஸ்டலேஷன்

இந்த ஊரில் ஒரு ரயில் நிலையத்துக்கு டகோட்டா என்று பெயர்.
கம்பெனி லாரி மக்கர் செய்தால்
"ஓட்டை டகோட்டா" என்று அப்பா அதன் கதவை உதைப்பார்.
அது விமானத்தின் பெயர் என்று
எனக்கு முப்பது வயதில்தான் தெரியும்.

கட்டண வாயிலுக்கு வெளியே நின்றிருந்தான் ஹைருல்,
நிரம்பிய சூப் கிண்ணம் கொண்டுவருகிறவன்போல்
சப்பாத்துப் பெட்டியை இரு கையிலும் ஏந்தி.
"பிடிஓ வீடு கிடைச்சிருச்சு காக்.
அலமாரிக்கு இடமில்லேன்னு சொல்லிட்டா."

சாலையைக் கடந்து உணவங்காடியில் உட்கார்ந்தோம்.
பழைய ஓடுதளம் எங்கே முடிந்தது?
மீன் உருண்டைக் கடையில் என்கிறான் அவன்.
இல்லை, கழிவறைக்கு இந்தப் பக்கம் என்கிறேன் நான்.
மேசை துடைக்க வந்தவர்
பெட்டியை நகர்த்தச் சொன்னார்.

சூப்பர் கான்ஸ்டலேஷன்.
ஒன்றுக்கு இருநூறு.
இறக்கையின் முனைக்கு முனை
என் கையால் ஒரு சாண்.
மீன்போல் வளைந்த முதுகு, மூன்று வால்துடுப்பு:
ஒரே வாலாய் நிமிர்ந்தால் கொட்டகைக்குள் நுழையாதென்று
பிரித்து வைத்தார்கள் என்பார்கள்.
ஜன்னல்களெல்லாம் அச்சு.
உள்ளே ஒருவரும் ஏறியதில்லை,
ஆகவே ஒருவரும் வாந்தி எடுத்ததில்லை.

"ஒண்ணு சொல்லணும்," என்றான்.
காது சிவந்துவிட்டது.
"மூணாவது இஞ்சின்ல விசிறி இல்ல.
வீடு மாத்தும்போது விழுந்திருச்சு.
எழுபது குடுத்தா போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது.
நாலு இஞ்சினோடு கிளம்பி
மூன்றோடு வந்து சேரும் என்று
அந்தக் காலத்து விமானிகள் கேலி செய்த வண்டியடா இது.
முழுசாக இருப்பதுதான் பொய்.
தொண்ணூறை எண்ணி வைத்தேன்.
இருபதைத் திருப்பித் தந்தான்.
நான் தள்ள, அவன் தள்ள,
கடைசியில் அது கரும்புச் சாறாகிவிட்டது.

இரவு எனக்கு சாங்கியில் வேலை.
இழுவண்டி ஓட்டுகிறேன்.
முந்நூறு பேர் உறங்கத் தொடங்கிய ஜெட்டை
மூக்கைப் பிடித்துப் பின்னால் தள்ளி,
கோட்டில் நிறுத்தி,
கொக்கி கழற்றிவிட்டு ஒதுங்குவேன்.
அது போகும்.
நான் அடுத்த வாசலுக்குப் போவேன்.

விடியற்காலை வீடு திரும்பி
சாப்பாட்டு மேசையில் அதை இறக்கினேன்.
மின்விசிறிக் காற்றில் மூன்று சுழன்றன.
நான்காவது இடத்தில் ஓர் ஊசித் துளை.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
இந்த அளவில் என் உயரம் எட்டு மில்லிமீட்டர்.
பிரியாணி அரிசி டப்பாவைத் திறந்து
நீளமான ஒன்றைத் தேடி எடுத்து
முன்சக்கரத்துக்கு எதிரே படுக்கவைத்தேன்.
நிற்கவில்லை, அதனால்.

மத்தியானம் எழுந்து வந்தால்
விமானம் இருந்தது, நான் இல்லை.
மேசை விளிம்பில்
ஓர் எறும்பு என்னைக் கவ்விப்
பின்னோக்கி நடந்துகொண்டிருந்தது,
அவசரப்படாமல்,
கோடு பிசகாமல்.