நாலு ஆணி

மழை விடாத வெள்ளிக்கிழமை.
பொகவந்தலாவையிலிருந்து கடைசி வளைவு வரை ஆட்டோ,
அதற்கு மேலே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடை.
அட்டைக்கு உப்பு, தாளுக்குப் பொலித்தீன் உறை.
ஒன்பதாம் நம்பர் லயம், நாலாம் காம்பரா.

பெயர் அமிர்தராஜ். வயது நாற்பத்திரண்டு.
தொழில் கவ்வாத்து வெட்டு; இப்போது இல்லை.
சளிப் பரிசோதனை, இரண்டும் பொசிட்டிவ்.
இதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே எழுதியாகிவிட்டது.
எனக்கு மிச்சம் வைத்திருப்பது வீடு.

அறைகள் எத்தனை?
"ஒண்ணு" என்றாள் நிர்மலாதேவி.
"ரெண்டுன்னு போடுங்க மிஸ்" என்றார் அவர்,
இஸ்தோப்பில் சாக்கு கட்டி மறைத்த மூலையைக் காட்டி.
ரிசல்ட் வந்த ராத்திரியிலிருந்து
அங்கேதான் படுக்கிறாராம்.
நீட்டினால் கால் வெளியே வரும் போல,
சாரல் படாமல் ஒரு தகரம் சாய்த்திருந்தது.
ஒன்று என்று எழுதி
பக்கத்தில் சின்னதாக அரை போட்டேன்.
பெரிய ஐயா சிவப்புப் பேனாவால் கேட்பார். கேட்கட்டும்.

ஆட்கள் ஆறு.
கொழும்புக் கடையில் நிற்கும் தம்பி
தீபாவளிக்கு வந்தால் ஏழு.
அடுப்பு விறகு. புகை போகும் வழி, கூரையில் ஓட்டை;
மழை வருவதும் அதே வழி.
தண்ணீர் பீலியில். தூரம்?
"போறப்ப எழுபது எட்டு,
குடத்தோட வாறப்ப நூத்திப்பத்து" என்றாள் மூத்த பிள்ளை.
எண்ணிப் பார்த்திருக்கிறாள்.
கக்கூஸ், மூன்று குடும்பத்துக்கு ஒன்று.
கதவு இருந்ததாம்.

ஜன்னல் ஒன்று.
திறக்குமா?

அந்த இடத்தில் பேச்சு நின்றது.
குறுக்கே பலகை, நாலு மூலையிலும் ஆணி,
இடுக்கெல்லாம் மாப்பசை தடவி ஒட்டிய பழைய பேப்பர்.
பேப்பரில் ஒரு கல்யாணப்பெண்
இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.
எனக்குக் கோபம் வந்தது,
பதினொரு வருஷ வேலையில் மனப்பாடமாகிப்போன கோபம்.
காத்து வரணும் அண்ணன், வெளிச்சம் வரணும்,
அடைச்ச அறையிலதான் இந்தக் கிருமி சொகமா இருக்கும்,
ஆறு மாசம் குளிசை குடிச்சா மட்டும் போதுமா,
வீட்டுல பிள்ளைங்க இருக்கு,
யார் சொல்லி இத அடைச்சீங்க?

இருமி முடிக்கும்வரை அவரிடம் பதிலில்லை.
நிர்மலாதேவி சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து
ஒரு பையை எடுத்தாள்.
பிறப்புச் சான்றிதழ்கள், சம்பளத் துண்டு, கிளினிக் கார்டு,
எல்லாவற்றுக்கும் அடியில்
நாலாக மடித்த ஒரு தாள்.
சின்னவன் திலக்சனுக்கு நெஞ்சில் விசில் அடித்த வருஷம்
வந்த தாள்.
கடைசிக் கட்டத்தில் ஆலோசனை:
குளிர்காற்று படாமல் ஜன்னலை நன்றாக மூடி வைக்கவும்.
நன்றாக என்பதற்குக் கீழே ஒரு கோடு.
அந்த எழுத்து எனக்குத் தெரியும்.
றகரத்துக்கு வாலை இழுத்துவிடுகிற பழக்கம்
இந்த டிவிஷனில் எனக்கு மட்டும்தான்.

தகரத்தில் மழை அடித்ததில்
யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
அன்றைக்கும் நான் பிழையாகச் சொல்லவில்லை.
இன்றைக்கும் இல்லை.
இரண்டு சரிக்கும் நடுவே
பத்துக்குப் பன்னிரண்டு அடியில்
ஆறு பேர் படுத்தெழும்புகிறார்கள்.

கவ்வாத்துக் கத்தியின் முதுகைக் கொடுத்து
அவர் மூன்று ஆணி நெம்பினார்.
நாலாவதற்கு மூச்சு வாங்கியது.
கத்தியை வாங்கி நான் நெம்பினேன்.
கல்யாணப்பெண் நெற்றியிலிருந்து கிழிந்தாள்.
வெளிச்சம் வந்தது,
அதன் பின்னாலேயே காற்று,
நேராகத் திலக்சனின் பாய்க்கு.
நிர்மலாதேவி ஒன்றும் பேசாமல்
பாயை அடுப்பங்கரைக்கு இழுத்தாள்,
புகைக்குப் பக்கத்தில்.

ஜன்னல் ஒன்று. திறக்கும்.
ஆலோசனைக் கட்டத்தில்
பகலில் திறந்து வைக்கவும் என்று எழுதினேன்.
இரவில் என்று தொடங்கி
பேனாவை வைத்த இடத்தில் மை ஊறியது.
டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன்.
எதைக் கோடிட வேண்டும் என்று
கை பழக்கத்தில் தேடியது.

வெளியே குடையை விரிக்கும்போது
டொக் டொக்கென்று சத்தம்.
வாசல் கல்லில் வைத்து
வளைந்த ஆணிகளை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.
ஒவ்வொன்றாகப் பால்மா டின்னில் போட்டார்.
குத்தலாக எதுவும் அந்த முகத்தில் இல்லை.
"இருக்கட்டும் மிஸ்,
அடுத்த தாளுக்கு வேணுமே."