துவைத்தவன் பெயர்

முஹர்ரக்கில், மீன்சந்தைக்குப் பின்புறம், இரண்டாம் மாடி.
என் அறைக்கு ஜன்னல் கிடையாது.
ஒரு நாற்காலி, ஒரு குழாய், மூக்குக்கு ஒரு கிளிப்,
தினமும் மூன்று லிட்டர் சிரிஞ்சால் நான் சரிபார்க்கும் இயந்திரம்.
'ஊது' என்பதை ஐந்து மொழியில் கத்துவேன்:
ஊதிக்கோ, பூங்க்கோ, ஃபூ தாவ், இன்ஃபுக்.
தமிழ் ஆள் வந்தால்
ஊதுங்கண்ணே, விடாதீங்க, இன்னும் இருக்கு, இன்னும்.
இருக்காது. தெரிந்தேதான் சொல்வேன்.

கித்தேரியான் வேம்பாற்றுக்காரர். சங்கு குளித்தவர்.
எண்பத்தொன்பதில் ஹித் கப்பல் பட்டறைக்கு வந்து
நீராவிக் குழாய்களைச் சுற்றியிருந்த
வெள்ளைப் பஞ்சைச் சுரண்டி எடுத்தவர்.
படிவத்துக்காகக் கப்பல்களின் பேர் கேட்டேன்.
நிறம்தான் சொன்னார்.
பச்சை, கிரேக்கக்காரன், பதினோரு நாள்.
இன்னொன்று முழுக்கத் துரு, ஒரு மாசம்.
முகத்துக்கு என்ன கட்டினீர்கள்?
துண்டு.
ஈரத் துண்டா என்று வேறு கேட்டேன், ஏன் கேட்டேனோ.

டாக்டர் அவருடைய ஆள்காட்டி விரல்கள் இரண்டையும்
நகத்தோடு நகம் சேர்த்து விளக்கின் முன் பிடித்தார்.
நடுவில் எள்ளளவு வெளிச்சம் வைரம்போல் வரவேண்டும்.
எனக்கு வருகிறது.
அவருக்குக் கதவு சாத்தியிருந்தது.
முதுகின் அடிப்பக்கம் என்னையும் கேட்கச் சொன்னார்:
மூச்சு உள்ளே போய் முடியும் இடத்தில்
செருப்பின் ஒட்டுப்பட்டையை மெல்லப் பிரிக்கும் சத்தம்.
பிறகு ஸ்கேன், குப்புறப் படுக்கவைத்து.
மல்லாந்தால் நிழல் பொய் சொல்லுமாம்,
குப்புறப் படுத்தும் போகாத கோடுதான் கோடு.
போகவில்லை.

மூன்று புள்ளி ஆறு. மூன்று புள்ளி ஒன்று. இரண்டு புள்ளி எட்டு.
ஒவ்வொரு மார்ச்சிலும் அந்தச் சரிவை வரைபவள் நான்.
நிமிர்த்த மருந்தில்லை.

அப்புறம் மூச்சடக்கும் சோதனை, பத்து விநாடி.
சிரித்துவிட்டார்.
"பத்தா? எட்டுப் பாகத்துல மூணு சங்கு பொறுக்கிட்டு
நிதானமா மேல வருவேன் தங்கச்சி."
குழாயைக் கவ்வி இழுத்தார்.
ஆறில் கண் கலங்கியது. ஏழில் இருமல்.
மறுபடி. ஐந்து.
நான் திரையைப் பார்த்தேன், அவர் தரையை.

படிவத்தின் அடியில் இரண்டே கட்டம்:
தகுதி, தகுதியில்லை.
ஒன்றில் டிக் போட்டால் திரும்பவும் பட்டறை,
மற்றதில் போட்டால் விமான டிக்கெட்.
டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார்,
'தூசியில்லாத வேலை. ஆறு மாதத்தில் மறுபரிசோதனை' என்று
இரண்டுக்கும் நடுவே பொடி எழுத்தில் எழுதினார்.
கம்பெனி அதை எப்படி வாசிக்குமோ.

ஒரு கேள்வி பாக்கி. மனைவிகளை நினைத்து எழுதியது:
வேலை உடுப்பை யார் துவைத்தது?
இங்கே எந்த மனைவி? தாண்டிவிடுவது வழக்கம்.
அன்று கேட்டேன்.

"கேம்ப்ல ஒரு பெங்காலிப் பையன். ரொஃபிக்குல்.
உடுப்புக்கு நூறு ஃபில்ஸ்.
நனைக்கிறதுக்கு முன்னாடி
மொட்டை மாடியில நின்னு நல்லா உதறுவான்,
சோப்பு மிச்சமாகும்னு.
வெயில்ல பனி மாதிரி எறங்கும்.
நாங்க கீழ நின்னு சிரிப்போம்.
பதினேழு வயசு இருக்கும் அவனுக்கு."

அந்தப் பெயருக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் குறுக்காக எழுதினேன்:
ரொஃபிக்குல். சலவை. உதறுவான்.

சட்டைப் பொத்தானைப் போட்டபடி கித்தேரியான் சொன்னார்,
சித்ரா தீவில் டீக்கடை வைத்திருப்பதாகக் கேள்வி,
இல்லாவிட்டால் ஊருக்கே போயிருப்பான்.

வெள்ளிக்கிழமை பஸ் பிடித்தேன்.
நாலு டீக்கடை. மூன்றாவதில்
அடுப்புக்குப் பின்னால் நரைத்த ஒருவர்.
பேரைக் கேட்கவில்லை. டீ சொன்னேன்.
பால் பொங்கி வந்தது.
அவர் குனிந்து அதன்மேல் ஊதினார்.

எண்ணத் தொடங்கினேன்.