பொடி வைத்த கண்ணி

மூன்றாம் மெய்ப்பில்தான் கண்ணில் பட்டது:
‘தேவதைத் தொழுகை’ என்று இருந்தது.
நடுவில் ஒரு ‘த’வை அழித்தேன்.
தேவை ஆனது.
ஒரே எழுத்தில் ஷிர்க் நீங்கியது என்றேன்.
முனவ்வர் பாய் சிரிக்கவில்லை.

மண்ணடி, மூர் தெரு, இரண்டாவது மாடி.
இந்தப் பதிப்பில் புதிதாக ஓர் அடிக்குறிப்பு,
எட்டுப் புள்ளி எழுத்தில்:
‘ஹாஜத் தொழுகை பற்றிய இச்செய்தியின்
அறிவிப்பாளர் சங்கிலியில்
ஒருவர் பலவீனமானவர்.’
பக்கத்தில் இடமில்லை.
‘ஏழாக்கிடும்மா’ என்றார் பாய்.
போன பதிப்பில் இந்த வரியே இல்லை.
போன பதிப்பையும் நான்தான் திருத்தினேன்.

எனக்கு இது வந்து சேர்ந்த சங்கிலியை
மெய்ப்புத் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
எனக்குச் சொன்னது ஜுலைகா, நேதாஜி நகர்.
ஜுலைகாவுக்கு, தையல் கடை கமருன்.
கமருனுக்கு, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்
மருந்து வரிசையில் முன்னால் நின்ற ஒருத்தி.
ஜுலைகா நல்லவள்,
சீட்டுப் பணத்தில் மட்டும் தேதி மாற்றுவாள்.
கமருனுக்கு மறதி,
என் ஜாக்கெட்டுக்கு மூன்று முறை அளவெடுத்தவள்.
மூன்றாமவள் பெயரைக் கேட்க
யாருக்கும் தோன்றவில்லை.
இந்தச் சங்கிலியோடு எந்த ஆலிமிடமும்
படியேற முடியாது.

இன்னொரு சங்கிலி இருக்கிறது.
இரண்டேகால் பவுன்.
நாத்தனார் ஷம்ஷாத்துடையது.
வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோட்டுக்குப் பின்னால்
கேவல்சந்த் கடையில்.
உரைகல்லில் இழுத்தார், ஒரு சொட்டு அமிலம் விட்டார்,
கண்ணி கண்ணியாய்த் திருப்பினார்.
‘கொக்கி கிட்ட பொடி வச்சிக்குதும்மா,
கால் கிராம் போவும்.’
மற்றதெல்லாம் சுத்தம் என்றார்.
பலவீனமானதைக் கழித்துக்கொண்டு
மீதிக்குப் பணம் எண்ணினார்.
வியாழன் பன்னிரண்டு மணிக்கு ஏலம்,
அட்டை வந்துவிட்டது.

செவ்வாய் இரவு,
மெட்ரோ லாரித் தண்ணீரில் மிச்சமிருந்த அரைக்குடத்தில்
ஒளுச் செய்தேன்.
விரிப்பில் நின்ற பிறகுதான் உறைத்தது.
இத்தனை நாள் சொன்னவர்களை எடை போட்டேன்,
கேட்கப் போவதை
ஒருமுறையும் உரசிப் பார்க்கவில்லை.
யா அல்லாஹ், பதினோராயிரம் வேண்டும்.
எதற்கு?
வட்டி கட்ட.
நீ விலக்கியதைக் கட்டுவதற்கு
உன்னிடமே கேட்க வந்திருக்கிறேன்.
இந்தத் தேவைக்கு அறிவிப்பாளர் நான் ஒருத்திதான்.
‘லாக்கர்ல பத்திரமா இருக்குது’ என்று
இரண்டு ரமலானாக ஷம்ஷாத்திடம்
சொல்லி வருகிறவள்.

துறைமுகத்துக்குப் போன கண்டெய்னர் லாரி
சுவரை உலுக்கிவிட்டுப் போனது.
பெயர் எதுவும் வைக்காமல்
வெறும் நஃபில், இரண்டு ரக்அத் தொழுதேன்.
இரண்டு ரக்அத்துக்கு
யாரும் அடிக்குறிப்பு போட முடியாது.
ஸலாம் கொடுத்துக் கையேந்தினால்
மனப்பாடம் செய்த அரபு வரவில்லை.
பணம் வேணாம், என்றேன் தமிழில்,
அவகிட்ட சொல்ல வாய் குடு.

புதன் காலை சொன்னேன்.
ஷம்ஷாத் கத்தவில்லை.
கழுத்தைத் தடவினாள், ஒன்றுமில்லாத இடத்தை,
கொக்கி இருக்கும் பிடரியில்
விரல் கொஞ்சம் நின்றது.
‘அந்தப் பொடி வச்சது எங்க அத்தா’ என்றாள்.
‘அறுந்துபோச்சுன்னு நான் அழுதேன்னு.’
பிறகு, ‘எத்தினி மணிக்கு?’

இன்று வியாழன்.
அடிக்குறிப்பைப் பத்துப் புள்ளியில் வைத்தேன்,
துஆவின் அதே அளவில்.
இடத்துக்கு
நன்கொடையாளர் பெயர்களுக்கு முன்னிருந்த
‘அல்ஹாஜ்’களை எடுத்தேன்.
பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
‘பெருசா தெரியுதேம்மா.’
தெரியட்டும் பாய்.
மணி பதினொன்று பத்து.
கீழே, பொம்மைக் கடை வாசலில்,
மழை இல்லை,
ஷம்ஷாத் குடையை விரித்துக்கொண்டு நிற்கிறாள்.