இருநூற்றுப் பன்னிரண்டாம் கம்பம்

கயாத்திக்குத் தெற்கே
எண்ணெய்க்குழாயோடு ஓடும் மண்பாதையில்
நானூற்றுப் பத்துக் கம்பங்கள் என் பொறுப்பு.
ஒவ்வொன்றின் கழுத்திலும் சோப்புப்பெட்டி அளவில் ஒரு சென்சார்,
தலையில் விரல்நீள ஆன்டெனா,
வெயில் குடிக்க ஒரு கைக்குட்டைத் தகடு.
ஒன்று பக்கத்துக் கம்பத்துக்குச் சொல்லும்,
அது அடுத்ததற்குச் சொல்லும்.
ஊர்வாய் போலத்தான், ஆனால்
கூட்டாமல் குறைக்காமல்
ருவைஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச்சேரும்
வெப்பம், ஈரம், அதிர்வு.

பிசகியது இருநூற்றுப் பன்னிரண்டு மட்டும்.

தினமும் பகல் பன்னிரண்டே முக்காலுக்கு
நாற்பத்தெட்டு டிகிரியிலிருந்து
முப்பதுக்குத் தொப்பென்று விழும்.
ஈரப்பதம் எகிறும்.
கால் மணி நேரத்தில்
ஒன்றும் அறியாததுபோல்
பழைய இடத்தில் வந்து நிற்கும்.

"அங்க மட்டும் மழையாண்ணே?"
போனில் வினோலியா.
ஜூலை மாதம். சிரிப்பு வராத வாரம்.

பலகையை மாற்றினேன்.
பேட்டரியை மாற்றினேன்.
பெட்டியையே மாற்றினேன்.
படிவத்தில் 'பிழைக்கான காரணம்' என்றொரு கட்டம்,
திறந்தால் ஐந்தே சொற்கள்:
மணல், மின்கலம், நீர்க்கசிவு, விலங்கு, தெரியவில்லை.
தெரியவில்லை என்று மூன்று தடவைக்கு மேல் போட்டால்
தெரியாதவனை மாற்றிவிடுவார்கள்.
நான்காம் தடவை
'விலங்கு' என்று போட்டேன்.

ஐந்தாம் தடவை, விழும் நேரத்துக்கே போனேன்.

விலங்குகள் இருந்தன.
பதினேழு ஒட்டகங்கள்,
ஒன்றின் நிழலை ஒன்று கடன் வாங்கியபடி.
தண்ணீர்த் தொட்டியின் குழாயடியில்
பனியனோடு ஒருவர்,
துவைத்த சட்டையைப் பிழிந்து உதறி
நேராகக் கம்பத்துக்கு வந்தார்.
சென்சாரின் தோளில் மாட்டினார்.
காற்று கொண்டுபோகாதிருக்கக்
கழுத்துப் பட்டனையும் போட்டுவிட்டார்
பள்ளிக்கு அனுப்புவதுபோல்.

அடுத்த கம்பம் அரைக் கிலோமீட்டர்.
இடையில் ஆணியடிக்க ஒரு மரம் கிடையாது.

தில்வர் மியா. சில்ஹட்காரர்.
என் அரபி பாதி, அவர் இந்தி பாதி,
சேர்த்தாலும் முக்கால்தான் தேறியது.
"ஒட்டகத்து மேல போடலாமே?"
"போட்டேன். எழுந்து போயிடுது."

இருக்கும் சட்டை இரண்டு.
ஒன்று முதலாளி வரும் நாளுக்கு.

அந்தப் பெட்டி ஒரு பொய்யும் சொல்லவில்லை.
ஒரு மனிதனின் சட்டை காய்வதை
நிமிடத்துக்கு ஒரு தடவை
மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.
நாங்கள்தான் அதைச் சிவப்பில் வட்டமிட்டு
பிழை என்றோம்.

வண்டியில் கிடந்த கிளாம்பை எடுத்து
சென்சாருக்கு இரண்டு முழம் கீழே,
வடக்குப் பார்த்து
ஒரு கம்பிக்கொக்கி முறுக்கிக் கொடுத்தேன்.
இழுத்துப் பார்த்தார். தொங்கியும் பார்த்தார்.
எனக்கு ஒரு டம்ளர் ஒட்டகப்பால்,
நுரையோடு, சற்றே மணலோடு.

சாயங்காலம் என்மேல் ஒரு கேள்வி வந்தது.
வண்டியிலும் பெட்டி உண்டு, அது என்னைச் சொல்லும்.
'முப்பத்தெட்டு நிமிடம் நின்றது ஏன்?'
கொக்கி பொருத்தினேன் என்று எழுதினேன்.
பாலை எழுதவில்லை.

அதற்குப்பின் இருநூற்றுப் பன்னிரண்டு
வெகு சமர்த்து.
திரையில் பச்சை. கோடு நேர்.
மற்ற நானூற்று ஒன்பதோடு சேர்ந்து
அதுவும் வெயிலை மட்டும் பேசியது.

பன்னிரண்டே முக்காலுக்கு
என் கை தானாகப் போனைத் திறந்தது.
நேர்கோடு.
சட்டை கொக்கியில் காய்ந்தாலும் நேர்கோடு,
சட்டைக்காரர் இல்லாது போனாலும் நேர்கோடு.
இந்தத் திருத்தத்தை
நானே என் கையால் செய்தேன்.

"இப்ப நல்லாயிருக்குண்ணே," என்றாள் வினோலியா.
வைக்கப்போனவள் வைக்காமல்,
"அவரு நல்லாயிருக்காரா?"

ஆகஸ்டு பதினாறு, ஐம்பது டிகிரி.
அந்தப் பக்கம் வண்டி எடுக்க
ஒரு காரணம் எழுத வேண்டும்.
கட்டத்தைத் திறந்தேன், அதே ஐந்து சொற்கள்.

தெரியவில்லை என்று போட்டேன்.